ரொட்டி வாங்கப் போனவள்

ஃப்ரெஸ்னோ
மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள தெல்ஃபினா அக்காவுக்கு,

நலமா என்று எழுதக் கை வரவில்லை. வயிற்றுக் கட்டியை எடுக்க இருபதாம் தேதி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. பார்சல்காரர் எலாதியோ புதன்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார். போனில் சொன்னால் நீ மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ஸ்வெட்டர் உனக்கு. செருப்பு மாயேலாவுக்கு, குத்துமதிப்பாகத்தான் வாங்கினேன். பெற்றவளுக்கு மகளின் கால் அளவு தெரியவில்லை.

என் படிப்பைக் கேலி செய்வாயே. "பிள்ளை வளக்கறதுக்கு ஒரு காலேஜா? அதுவும் பெத்ததை என்கிட்ட விட்டுட்டுப் போனவளுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். வலித்தது, ஆனால் தப்பில்லை. காலையில் வகுப்பு, மத்தியானம் உலர்திராட்சை அடைக்கும் கொட்டகையில் வேலை என்று ஓடுகிறது. முடித்தால் ஏதாவது மழலையர் பள்ளியில் வேலை கிடைக்கும்.

கல்லூரிக்குள்ளேயே குழந்தைகளுக்கு ஒரு பள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் நோட்டோடு உட்காருவோம். கண் பார்த்ததைத்தான் எழுத வேண்டும். "பாவம்" என்று எழுதினால் ஆசிரியை ஹகோபியன் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவார்.

போன வாரம் நான் எழுதியது இது: மணி ஒன்பது ஐந்து, பையன் மணலில் விளையாடும்போது அம்மா சொல்லாமல் நழுவினாள். ஒன்பது எட்டு, பையன் நிமிர்ந்தான். கதவுக்குப் போனான். ஒன்பது நாற்பது, இன்னும் கதவருகே. அடுத்த வரியில், விளையாடியதால்தான் அம்மா போய்விட்டாள் என்று நினைக்கிறான் என்று எழுதிவிட்டேன். அதைச் சுற்றி வட்டம் போட்டு, உனக்கு எப்படித் தெரியும் என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அவர் அந்த அம்மாவைச் சொல்லிவிட்டுப் போக வைத்தார். பையன் கூரை அதிர அழுதான், பிறகு மணலுக்குப் போய்விட்டான். ஆசிரியை எங்களிடம் சொன்னார்: "சொல்லிட்டுப் போனா புள்ள அழும். சொல்லாமப் போனா காத்துக்கிட்டே இருக்கும்."

அக்கா, ஏழு வருஷத்துக்கு முன்னால் மத்தியானச் சாப்பாடு முடிந்து மாயேலா தூங்கும்போது நான் கிளம்பினேன். அப்போது அவளுக்கு நாலு வயது. எல்லை தாண்டி வடக்கே போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்று நானும் போனேன். எழுந்து கேட்டால் அம்மா ரொட்டி வாங்கப் போயிருக்கிறாள் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். அன்றிலிருந்து அவள் பகலில் கண் மூடுவதில்லை, ரொட்டியைத் தொடுவதில்லை. நாம் அதைப் பிடிவாதம் என்றோம்.

இப்போது நீ என்ன சொல்கிறாய்? "அவ பள்ளிக்கூடம் போனதும் கிளம்பிடறேன். சந்தைக்குப் போயிருக்கேன்னு பக்கத்து வீட்டு ரொமுவால்தா சொல்லிக்குவா. அவ அழறதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல." அன்று நானும் இதையேதான் சொன்னேன்.

வேண்டாம் அக்கா. பதினொரு வயதில் ஆஸ்பத்திரி என்றால் புரியும். அவள் பார்க்கப் பையைக் கட்டு. பஸ் நிற்கும் இடம் வரை அவளைக் கூட்டிப் போ. திரும்பி வருவேன் என்று சத்தியம் செய்ய முடியாவிட்டால் செய்யாதே, எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று மட்டும் சொல். அழட்டும்.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் போன் செய்கிறேன். வழக்கம்போல அவள் போனை வாங்க மறுத்தால் அவள் காதருகே வை. ரொட்டி வாங்கப் போகவில்லை என்று நானே சொல்கிறேன். இங்கே தங்கக் குடியுரிமைக் காகிதம் இல்லாத நான் அங்கே வந்தால் திரும்ப முடியாது, இல்லாவிட்டால் உன் கட்டில் பக்கத்தில் இருந்திருப்பேன்.

சொலேதாத் மாதா உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். உன்னை அம்மா என்று கூப்பிடுகிறவளிடம் சொல்லாமல் மட்டும் போய்விடாதே.

உன் தங்கை,
நெரெய்தா