இருளப்பன் குடும்பம் அழிந்த கதை

கேமரன் மலை,
12.6.1988

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

தேயிலைத் தோட்ட ஆபீஸுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர்தான் உயிரை வாங்குகிறது. இறந்துபோன இருளப்பனின் பெயரை அழிக்கச் சொன்னார் மானேஜர். அழித்தேன். குடும்பத் தலைவரை எடுத்தால் அவருக்குக் கீழே இருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளும் சேர்ந்து போய்விடுகிறார்கள்! எந்த மடையன் அப்படிச் செய்து வைத்தானோ. மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, அந்த வீட்டில் ஒருவர் பெயரையும் கூப்பிடவில்லை. இருளப்பன் மனைவி இராசம்மா கொழுந்துக் கூடையோடு கிராணி வேலை பார்க்கும், அதாவது கணக்கு எழுதும், என் மேசைக்கே வந்துவிட்டார்.

"செத்தது அவருதான் கிராணி! நாங்க உசுரோடதான் இருக்கோம்லா!"

எல்லோரையும் மறுபடி தட்டி ஏற்றினேன்.

இங்கே குளிர் தாங்கவில்லை. அப்பாவின் கம்பளிச் சட்டையை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். அவர் போய் வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் வாசலில் இருக்கும் அவர் பெயர்ப்பலகையைத் தம்பி கழற்றப் போகிறானாமே? தொட்டால் தெரியும் சேதி என்று சொல்லுங்கள்.

அவசரத்துடன்,
நாகமுத்து