ஒரு சாண் திறந்த கதவு

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இங்கே நான், பாப்பா, அப்பா மூன்று பேரும் நலம். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை நீ ஒழுங்காகப் படிப்பாய். பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. அப்பாதான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். வழியெல்லாம் அவள் கேட்கிற கேள்விகளுக்கு ஈடு கொடுக்க முடியாமல், "உங்கம்மாகிட்ட கேளு, அவதான் கேள்வி கேக்கறதுக்கே சம்பளம் வாங்கறா" என்று தப்பித்துக்கொள்கிறாராம்.

போன் இருக்க, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் இரண்டாவது நிமிடம் நான் கத்துவேன். மூன்றாவது நிமிடம் நீ "சரி, விடுங்க" என்பாய். அதற்குள் பாப்பா போனைப் பிடுங்கிக்கொள்வாள். காகிதத்தில் கத்த முடியாது. அதனால்தான்.

போன வாரம் உன்னோடு வந்து தங்கியதைப் பற்றித்தான். உள்ளதைச் சொல்கிறேன், முதல் இரண்டு நாள் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருபது ஆய்வாளர்களைக் கூப்பிட்டு, அறையும் சாப்பாடும் கொடுத்து, ஒரு வருஷம் யோசியுங்கள் என்று ஒரு பல்கலைக்கழகம் விட்டிருக்கிறது. உன் பக்கத்து அறையில் கணித ஆராய்ச்சி செய்கிற அந்தக் கணக்குக்காரர் காலையில் ஜன்னலோரம் நின்றார். மத்தியானமும் அதே ஜன்னல், அதே நிற்பு. எனக்கு லிஃப்ட் பராமரிக்கிற தொழில். மணி அடித்தால் ஓட வேண்டும், உள்ளே ஆள் மாட்டியிருப்பான். அந்த மனுஷரைப் பிடித்து இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. நீ முறைத்ததால் தப்பித்தார்.

சும்மா இருக்க முடியாமல்தான் உன் அறைக் கதவில் கை வைத்தேன். தானே மூடிக்கொள்ள வேண்டிய கதவு, மேலே இருக்கிற இரும்புக் கை தளர்ந்து, ஒரு சாண் திறந்தபடியே நின்றது. நீ நூலகத்துக்குப் போயிருந்தாய். என் பையில் ஸ்க்ரூடிரைவர் எப்போதும் இருக்கும். ஒரு திருகு திருகினேன். அதற்கப்புறம் கதவு 'டக்'கென்று வாயை மூடிக்கொண்டது. என் மனைவிக்கு ஒரு உதவி செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த மூன்று நாளும் உன் அறைக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை. தினமும் சாயங்காலம் டீக் கோப்பையோடு சண்டைக்கு வருகிற கணக்குக்காரரும் வரவில்லை. புருஷன் வந்திருக்கிறான் என்று ஒதுங்குகிறார்கள் என்று நீ சொன்னாய். நானும் நம்பினேன்.

நான்காம் நாள் சாப்பாட்டு அறையில்தான் விஷயம் தெரிந்தது. வாசலில் சீட்டு எடுத்து, எந்த மேஜை வருகிறதோ அங்கேதான் உட்கார வேண்டும், தெரிந்தவர்கள் சேர்ந்து உட்காரக்கூடாது என்று உங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறதே, அதன்படி நீ அந்தக் கோடியில். நான் உங்கள் இயக்குநர் அம்மாவுக்கும் கணக்குக்காரருக்கும் நடுவில். கணக்குக்காரர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, உங்க வீட்டம்மாவுக்குப் பெருசா ஏதோ யோசனை பிடிபட்டிருக்கு போல. மூணு நாளா கதவு சாத்தியே இருக்கு. நாங்கள்லாம் செருப்பைக் கையில தூக்கிக்கிட்டுல்ல நடக்கறோம்" என்றார். கதவு ஒரு சாண் திறந்திருந்தால் வரலாம், பேசலாம். சாத்தியிருந்தால் கட்டடமே தீப்பிடித்தாலும் தட்டக்கூடாது. இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? உள்ளேயே இருந்த நீயும் உன் யோசனையில் கதவைக் கவனிக்கவில்லை.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. சாயங்காலம் நான் திருகைத் தளர்த்திக்கொண்டே சொன்னபோது நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். உனக்குச் சொல்லாமல் விட்ட பாதி இனிமேல்தான்.

இயக்குநர் அம்மாவும் அந்தக் கதவு முன்னால் வந்து வந்து திரும்பியிருக்கிறார். என்னைப் பார்த்து, "நல்லவேளை, நீங்க கிடைச்சீங்க. இன்னொரு வருஷம் இருங்கன்னு கேட்டு ரெண்டு வாரமாச்சு, உங்க மனைவி பிடி கொடுக்கவே மாட்டேங்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள எனக்குச் சொல்லணுமே. வீட்டுல என்னதான் முடிவு பண்ணியிருக்கீங்க?" என்றார்.

வீட்டில் முடிவாம். வீட்டுக்கே தெரியாது. வாய்க்குக் கொண்டுபோன ஸ்பூன் அப்படியே நின்றது. "யோசிச்சுக்கிட்டிருக்கா" என்று சொல்லிவைத்தேன். தூரத்து மேஜையில் நீ யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாய். நம் வீட்டில் நீ அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாய். கடைசியில் "பாப்பாவுக்கு சாக்ஸ் பத்தலை, வாங்கிடுங்க" என்றாய். வாங்கிவிட்டேன்.

வந்ததிலிருந்து நான் சரியாக இல்லை. அப்பா விடுவாரா? "என்னடா, ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன லிஃப்ட் மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க? ஏறு, இல்ல எறங்கு" என்கிறார்.

இன்னொன்று. உன் சுவரில் ஒட்டியிருந்த பழைய புகைப்படங்கள், டிக்கெட் ஜன்னல் முன்னால் கூட்டம், ரொட்டிக்கடை முன்னால் கூட்டம், மேலெல்லாம் பென்சில் அம்புக்குறி. இதில் என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். வரிசையே இல்லாத கூட்டத்தில் யார் முதலில் வந்தது என்று எல்லாருக்கும் எப்படித் தெரிகிறது என்றாய். கேமரா வைத்தால் தெரிந்துவிடும் என்று நான் சொன்னேன். நீ சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாய்.

நேற்று ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பார்த்து முடித்துவிட்டுக் கிளம்பும்போது, கீழ்த்தளத்தில் ஆட்கள் நிற்பதைக் கவனித்தேன். ஒருத்தர் தூணில் சாய்ந்து, ஒருத்தி ஜன்னலோரம், ஒருத்தர் போனில். வரிசை என்று ஒன்றும் இல்லை. ஆனால் கதவு திறந்ததும் முதலில் வந்தவர் முதலில், அடுத்து வந்தவர் அடுத்து என்று ஏறினார்கள். நடுவில் ஒருத்தன் முந்தினான். யாரும் வாய் திறக்கவில்லை, அத்தனை பேரும் அவன் முதுகையே பார்த்தார்கள். அவனாகவே வெளியே வந்துவிட்டான்! ஏன் வந்தான்? அவர்கள் தங்களுக்குள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லையே. நான் அங்கேயே நின்றுவிட்டேன். வாட்ச்மேன் வந்து, "சார், லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது, இன்னும் என்னத்தப் பாக்கறீங்க?" என்றார். சக்கரநாற்காலி வந்தால் மட்டும் அந்தக் கணக்கு எப்படி மாறுகிறது? அதை நீ பார்த்திருக்கிறாயா? எழுது.

இப்போது நேராகக் கேட்கிறேன். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது, போதும் என்று உனக்கே தோன்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. என் முன்கோபத்துக்குப் பயந்து சொல்லாதே. பாப்பாவைக் காரணம் காட்டியும் சொல்லாதே. நாளைக்கு அவள் வளர்ந்து, எனக்காகவா விட்டாய் என்று கேட்டால் நீதான் முழிக்க வேண்டும். இருக்கப் போகிறேன் என்றால், அந்த அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் எங்களிடம் சொல். அது போதும் எனக்கு.

குடும்பத்தோடு தங்குகிறவர்களுக்கு நூலகத்துக்குப் பின்னால் வீடு தருகிறார்களாமே. கணக்குக்காரர்தான் சொன்னார். பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் பார்த்தேன், சுவர் நீல நிறம், பாப்பாவுக்குப் பிடிக்கும். அப்பாவுக்கு நடக்க நிழலான பாதை. இன்னும் ஒன்று கவனித்தேன், அந்த ஊர் லிஃப்ட் ஒன்றுகூட ஒழுங்காக ஓடவில்லை. தரைக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. யாராவது ஒருத்தன் வந்து பார்த்தால் தேவலை.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ தேடுவது உன் கைக்குக் கிடைக்கட்டும்.

என்றும் உன்,
பாப்பாவின் அப்பா