மஞ்சள் பெட்டி

1946 மார்ச். ஓட்டுப் போட்ட அன்று இரவு.

தூக்கம் வரவில்லை. அத்தையின் ஓட்டு எதிராளிக்குப் போய்விட்டது.

மாமா பர்மா சண்டையில் செத்ததால் அவளுக்குப் பென்ஷன் வருகிறது. எல்லாருக்கும் ஓட்டுக் கிடையாது; பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் விதவைக்கு உண்டு. அதனால் எங்கள் தெருப் பெண்களில் அவளுக்கு மட்டும்தான் ஓட்டு. ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். எங்கள் ஆளுக்கு மஞ்சள், மிராசுதாருக்குப் பச்சை. படிப்பை விட்டுவிட்டு மஞ்சளுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அரியலூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அத்தையை வண்டி கட்டி அழைத்துப் போனவனும் நான்தான்.

உள்ளே போய் வந்தவள் முகத்தில் அப்படியொரு திருப்தி. "பச்சையில போட்டுட்டேன்டா."

"கிறுக்கா அத்தை உனக்கு? வூட்ல அத்தனை தடவை சொன்னேனே!"

"கத்தாதடா. தாலி அறுத்தவ கை மஞ்சள்ல படலாமா? உங்க ஆளு ஜெயிக்க வேணாமா? என் பீடையெல்லாம் அந்த மிராசுதார் பெட்டியோட போவட்டும்னுதான் அதுல போட்டேன்."

வண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"நான் செஞ்சது சரிதானேடா?"

"சரிதான் அத்தை."

ஏன் அப்படிச் சொன்னேன்? அது வெறும் பெட்டி, யார் கை பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இனி நாங்கள் ஜெயித்தால், தான் ஒதுங்கி நின்றதால்தான் ஜெயித்தோம் என்பாள். தோற்றால், தான் அந்த அறைக்குள் காலை வைத்ததால்தான் என்று அழுவாள்.