இடைவேளைக்குப் பிந்தைய இருமல்

ஆடி 3, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பறந்து பக்கத்து நிட்டிங் யூனிட் தகரத்தின் மேல் கிடக்கிறது. போய்க் கேட்டால், "இருங்கண்ணா, வாட்ச்மேன் வரட்டுமுங்க" என்கிறார்கள். வரட்டும்.

செய்ய: கேஸ் புக் பண்ண. சரசுவுக்கு பிரஷர் மாத்திரை. ஹெட்போனுக்குப் புதுப் பஞ்சு.

ஜெனிஃபர் அனுப்பிய நான்கு ஒலிப்பதிவும் போனில் இறங்கிவிட்டன. ரஷ்யாவில் என் மகள் நித்யாவோடு ஒரே அறையில் இருந்து டாக்டருக்குப் படிக்கிற பெண். தூத்துக்குடிப் பக்கம், அப்பா அம்மா இங்கே அனுப்பர்பாளையத்தில் டெய்லர் வேலை.

நான்கும் ஒரே ஆபராதான். பேச்சே கிடையாது, முழுக்கப் பாட்டிலேயே நடக்கிற நாடகம். பட்டத்துக்கு ஆசைப்பட்டு ஒரு குழந்தையின் சாவுக்குக் காரணமான ராஜா. பிற்பாடு அந்தக் குழந்தை அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. கதை ஜெனிஃபர் சொன்னது. எனக்கு ஒரு வார்த்தை புரியாது.

1, 2, 3: நித்யா படித்த ஊர்த் தியேட்டரில் போன தை மாதம் நடந்த மூன்று பகல் காட்சிகள். தியேட்டர்காரர்களே பதிந்து வெளியிட்டது. தேதி போடவில்லை, மடையர்கள்.

4: வேறு ஊர், நாற்பது வருடத்துக்கு முந்தியது. "இதுதான் பெஸ்டுன்னு எல்லாரும் சொல்லுதாங்க அங்கிள். சும்மா கேட்டுப் பாருங்க."

முதல் மூன்றில் ஏதோ ஒன்றில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். அன்று சாயங்காலம் நாலு மணி. இடைவேளையில் கூப்பிட்டாள். "அப்பா, ராஜாவுக்குத் தொண்டை கட்டிருக்குதுங்க. அப்பவும் என்னமாப் பாடறாருங்கறீங்க!" நடுநடுவே இருமல். எனக்கு முன்னால் மெரூன் துணி லாட் ஒன்று ஷேட் தப்பி, நிறம் ஒத்துவராமல் நிற்கிறது, டையிங் மாஸ்டர் கத்திக்கொண்டிருக்கிறார். "படிக்கப் போனயா, கூத்துப் பாக்கப் போனயா? வெச்சுத் தொலை" என்றேன். வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் அம்மாவுக்குத்தான் மெசேஜ். எனக்கு இல்லை. பதினோராம் நாள் நிமோனியா என்றார்கள். பிறகு கோவை ஏர்போர்ட்டில் பெட்டி.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. நான் வைத்த பிறகு திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தாளா, அழுதுகொண்டே பனியில் இறங்கி நடந்துவிட்டாளா. இடைவேளைக்கு அப்புறம் அவள் இருமல் ஒரு தடவை கேட்டால் போதும்.

ஆடி 4, திங்கள்

காற்று. கண்ணில் தூசி. கண்தான் எனக்குப் பிழைப்பு, இருபத்தாறு வருடமாக ஷேட் பார்க்கிறேன். ஒரு துணியையும் இன்னொரு துணியையும் பக்கத்தில் வைத்து ஒன்றா வேறா என்று சொல்வது. இதெல்லாம் ஒரு வேலையா என்று, நான் பெண் பார்க்கப் போனபோதே சரசுவின் அண்ணன் சிரித்தார்.

ஷேட் பார்க்கிற அறை இருட்டு, ஏசி, கதவைச் சாத்தினால் யூனிட் சத்தம் வராது. மதியச் சோற்று நேரத்தில் அங்கேயே கேட்டேன். முதல் ராஜா இளந்தாரி. குரல் புது வெள்ளை பனியன் மாதிரி, எங்கேயும் கறையில்லை. குழந்தை தெரிகிற இடத்தில் கூடப் பயப்படவில்லை, பாடுகிறான். இவனுக்கு எங்கே தொண்டை கட்டியது. 1 இல்லை.

ஆடி 6, புதன்

3 கேட்டேன். பெரிய தொண்டை. கோயில் மணி அடிக்கிற இடத்தில் மணியைவிட இவன் சத்தம் ஜாஸ்தி. 3 இல்லை.

2. முதல் பத்து நிமிடத்திலேயே மேலே போகிற இடத்தில் ராஜா குரல் நூல் அறுந்த மாதிரி நிற்கிறது. மறுபடி பிடிக்கிறான். மறுபடி அறுகிறது.

 போனை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கதவைத் திறந்த பீகார்ப் பையன் என்னை இருட்டில் பார்த்துவிட்டு வெளியே போய், "சாச்சா பூஜா கர் ரஹே ஹைன்" என்கிறான். கும்பிடுகிறேனாம்.

மாத்திரை மறந்துவிட்டேன். சரசு ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மாதமாக அவள் எதுவுமே கேட்பதில்லை. ஹாலில் பனியன் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறாள், சோறு வைக்கிறாள், மறுபடி உட்கார்ந்து வெட்டுகிறாள்.

ஆடி 9, சனி

கிடைத்தது. 2, இடைவேளைக்கு முன். வாத்தியமெல்லாம் அடங்கி ஒரு கிழவன் மட்டும் மெல்லப் பாடுகிற இடம். இரண்டு சின்ன இருமல், கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைச் செருமி ஒன்று. மூன்றாம் வகுப்பிலிருந்து அதே இருமல். பஞ்சுத் தூசி என்று பல்லடம் டாக்டர் சொன்னார். பனி ஊருக்குப் போனால் போய்விடும் என்று நான் சொன்னேன்.

இருக்கிறாள். என் மகள் அங்கே இருக்கிறாள்.

இடைவேளைக்குப் பின்: நாலு தடவை முழுசாகக் கேட்டேன். ஆண் இருமல் ஏழு. யாரோ எதையோ கீழே போட்ட சத்தம். ஒரு மூக்குச் சிந்தல். அவள் இல்லை.

நாலாம் தடவையில் குழந்தையைக் கண்டு ராஜா கத்துகிற இடத்தில் ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். அவனுக்காவது குழந்தை கண்ணுக்குத் தெரிகிறது.

ஆடி 10, ஞாயிறு

ஜெனிஃபரைக் கூப்பிட்டேன். இத்தனை நாள் கேட்கப் பயந்த கேள்வி. அவள்கூடப் போனாயா, கண்ணு?

"இல்ல அங்கிள். எனக்கு மறுநாள் பரீட்சை, வரலன்னுட்டேன். அவ தனியாத்தான் போனா. நான் தூங்கிட்டேன், எப்ப வந்தான்னுகூட எனக்குத் தெரியாது." பிறகு அழுதாள். "நான் போயிருக்கணும் அங்கிள்."  போனை வைக்கும் முன் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

ஆக அறிந்தவர் யாரும் இல்லை.

வேட்டி வந்துவிட்டது, கிழிந்து.

ஆடி 13, புதன்

புத்தி கொஞ்சம் தெளிந்தது. சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் செத்துவிடும், எதைக் கொடுத்தாலும் ஒன்று என்று சொல்லும். புதுப் பையன்களுக்கு இதை நான்தான் படித்துப் படித்துச் சொல்கிறேன். காதுக்கும் அப்படித்தானே. அவளை நான்தான் தேடுகிறேன், நானே கண்டுபிடித்தேன் என்கிறேன். லாரி ஏற்ற அவசரப்படுகிறவன் ஷேட் பார்க்கக் கூடாது.

முறை இருக்கிறது. விஷயம் தெரியாத ஒருவரிடம், நம்பர் போடாத துண்டுகளைக் கொடுக்க வேண்டும். நடுவில் தெரிந்தே ஒரு தப்பான துண்டையும் வைக்க வேண்டும். அதையும் சரி என்றால், பார்க்கிறவர் கண்ணை நம்பக் கூடாது.

அவள் இருமலை என்னைவிட அறிந்தது ஒருத்திதான். பாவமில்லையா? பாவம்தான். ஆனால் பின்பாதியில் நான் தவறவிட்டதை அவள் பிடித்துவிட்டால்?

ஐந்து துண்டு வெட்டினேன். முதலாவது நான் கண்டுபிடித்தது. மூன்று, 2-இன் பின்பாதியிலிருந்து, ஆணா பெண்ணா என்று லேசாகச் சந்தேகப்பட்டவை. தப்பான துண்டு 4-இலிருந்து. ராஜா விழுந்து செத்த பிறகு எல்லோரும் அடங்கியிருக்கும்போது எவரோ இருமுகிறார். நாற்பது வருடத்துக்கு முன். நித்யா பிறக்கவே இல்லை.

ஆடி 17, ஞாயிறு

பக்கத்து மிஷின்கள் நின்றிருந்தன. மதியம். சரசு பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். ஹெட்போனை அவள் தலையில் மாட்டினேன்.

"ஏனுங்க, இதென்னங்க?"

"அஞ்சு சத்தம் வரும். ஏதாச்சும் தெரிஞ்ச சத்தமான்னு சொல்லு. வேற ஒண்ணுங் கேக்காத."

முதலாவது, நான் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தது. "ஆரோ கெழவிங்க" என்றாள்.  இரண்டாவது, உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவது, "ஆம்பளைங்க." நான்காவதாக அந்தத் தப்பான துண்டு.

கத்தரி கீழே விழுந்தது. இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நித்யாங்க."

நான் போனை நிறுத்தினேன்.

"நம்ம புள்ளைங்க. இன்னொருக்காப் போடுங்க. எங்கிருந்துங்க புடிச்சீங்க? இது எந்த எடமுங்க?"

அவள் போன நாடகம் என்று மட்டும் சொன்னேன். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்றாள். ராஜா செத்துக் கிடக்கிறான், கதை முடியப் போகிறது என்றேன்.

"அப்ப கடைசி வரைக்கும் உக்காந்திருக்கா." அழுகையும் சிரிப்புமாக என் முழங்கையைப் பிடித்தாள். "அப்பா வஞ்சுபோட்டாருன்னு அன்னிக்கே எனக்கு மெசேஜ் போட்டிருந்தாளுங்க. பாதியில அழுதுட்டே எந்திரிச்சுப் போயிட்டாளோ, அந்தப் பனியில நடந்துதான் இப்புடி ஆச்சோன்னு நானும் நெனச்சுட்டே கெடந்தனுங்க. உங்ககிட்டச் சொன்னாத் தாங்கமாட்டீங்கன்னு சொல்லலைங்க."

ஆறு மாதமாக அவளுக்குத் தெரியும். ஒரே ஊட்டுக்குள் இரண்டு பேரும் இதையே மென்றுகொண்டு, ஆளுக்கொரு மூலையில் சோறு தின்றிருக்கிறோம்.

ஐந்தாவதைப் போடவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். அது நித்யா இல்லை, சரசு. அது பெயர் தெரியாத எவரோ, இந்நேரம் செத்தே போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை.

முறைப்படி பார்த்தால் இந்தச் சோதனையே செல்லாது. அவள் காதை நம்பக் கூடாது. என் காதும் போயிற்று. 2-இல் கிடைத்ததும் யாரோ ஒரு கிழவிதானோ என்னவோ.

ஆடி 18, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பெருக்குக்கு யூனிட் லீவு.

நேற்றே அந்தத் துண்டைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். காலையில் தேங்காய் துருவும்போது கேட்கிறாள். பிசிறு வெட்டும்போது கேட்கிறாள். தேங்காய்ச் சாதம் செய்து, ஆறு மாதத்தில் முதல் தடவையாக என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். குண்டடத்திலிருந்து அவள் அண்ணன் கூப்பிட்டார். "கடைசி வரைக்கும் இருந்து பாத்துட்டுத்தான் போயிருக்காளுங்கண்ணா" என்று அவரிடம் சொல்கிறாள். அவர் மெதுவாக, சரி சாமி, சரி சாமி என்பது எனக்குக் கேட்டது.

மாடிக்குப் போய் 4-இல் அந்த இடத்தைத் தனியாகக் கேட்டேன். நாற்பது வருடம், நாற்பது வருடம் என்று சொல்லிக்கொண்டே கேட்டேன். இரண்டு சின்ன இருமல். கொஞ்சம் நிறுத்தி, செருமி ஒன்று.

இறங்கி வந்தால் மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூடத்தைக் கூட்டி, இரண்டு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள்.

"முழுசையும் போடுங்க. புள்ள என்ன கேட்டான்னு நானுங் கேக்கோணும்."

போனைக் கையில் எடுத்தேன். 2-க்கு மேல் விரலை வைத்தேன். அவள் நிஜமாக உட்கார்ந்திருந்தது அங்கேதான், இருமல் அவளுடையதோ இல்லையோ. அதில் பின்பாதியில் ஒன்றும் வராது. சரசு கடைசி வரை காத்திருந்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

4-ஐப் போட்டேன். ராஜா விழுவதற்கு வெகு முன்பே இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.