வலது காலில் எண்ணெய்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை, கடிதத்தையாவது பிரிப்பாய் என்ற நம்பிக்கைதான். உன் மாமா பிழைத்துவிட்டார். நேற்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று என்னைத் திட்டினார். காதுக்கு இனிமையாக இருந்தது.

அவர் கண் திறக்கும் முன்பே, வேலை அவசரம் என்று நீ கிளம்பிவிட்டாய். அதனால் சொல்கிறேன். வீங்கிய காலில் இருந்த ரத்தக்கட்டியைக் குழாய் விட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது, அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டதாம். மூச்சே நின்றுவிடும் போலிருந்ததாம். டாக்டர் கால் வேலையை அப்படியே விட்டுவிட்டு, வேறொரு குழாயை இதயம் வழியாக நுரையீரல் வரை செலுத்தி, அடைப்பை உறிஞ்சி எடுத்தார். வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எனக்கு முதலில் நர்ஸ் மேல்தான் சந்தேகம் வந்தது. உள்ளே கொண்டுபோகும் முன் அவள் காலைத் துடைத்துக்கொண்டே, "என்னங்க இது, எண்ணெய்ப் பிசுக்கு? கட்டி இருக்கிற கால அமுக்கவே கூடாதுன்னு சொன்னேன்ல?" என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா? "எங்க ஆளுங்க யாரும் தொடல" என்று நான் சீறினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பழியை நம் தலையில் கட்ட முன்கூட்டியே வழி பார்த்திருக்கிறாள் என்று பிறகு எனக்குத் தோன்றியது. அவள்தான் அவரை முரட்டுத்தனமாகப் புரட்டினாள் என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை விசாரணை. வேலை போனாலும் போகும் என்கிறார்கள்.

நேற்று வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் அவர் போர்த்தியிருந்த நம் போர்வையை ஊற வைத்தேன். வலி எண்ணெய் வாடை தூக்கியடித்தது. அலமாரியில் பார்த்தால் புட்டியைக் காணோம்.

உன் மாமாவோ, "மச்சான் கை பட்டதும் வலி பறந்துபோச்சு, அவன வரச்சொல்லு" என்கிறார். அவரை உள்ளே கொண்டுபோகும் முன் நான் முகம் கழுவப் போனபோது அவர் பக்கத்தில் இருந்தது நீ ஒருவன்தான்.

டாக்டரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "அமுக்கினாலும் பிய்யும், குழாய் பட்டாலும் பிய்யும், தானாவும் பிய்யும்மா. எதுன்னு சொல்ல முடியாது" என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நேற்று ராத்திரி தூங்கப் பார்த்தேன்.

அந்தப் பெண் இன்றும் வந்து அவருக்கு ஊசி போட்டாள். கை நடுங்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நீ தேய்த்திருந்தால் பாசத்தில்தான் தேய்த்திருப்பாய். மாமாவிடம் சொல்ல மாட்டேன். புகாரை மட்டும் திரும்ப வாங்கிவிடுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு முன் போனை எடுடா. "இல்லக்கா" என்று சொன்னாலும் போதும், உன் குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும்.

உன்னை வளர்த்த
அக்கா