என் பேரில் ஒரு யூனிட்

1983 ஜூலை 4, திங்கள். ஆம்பூர்.
காலையிலிருந்தே புழுக்கம். மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.
ஷூவின் மேல்பாகம், அப்பர், தைக்கும் பிரிவில் நான் சூப்பர்வைசராகி ஆறு வருடம். முதலாளி ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. இன்று சொன்னார். டீ வேறு. புதிதாகத் தொடங்கும் சின்ன யூனிட்டுக்குச் சில வருடம் விற்பனை வரி இல்லையாம். லைசென்ஸும் சுலபமாம். நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும் என்று சர்க்கார் கொடுக்கும் சலுகை.
"உன் பேர்ல ஒண்ணு போடலாம் ஸ்டெல்லா. நீயும் முதலாளிதான்."
மெஷின்? "இங்க இருக்கிறதேதான்." ஆட்கள்? "இவங்களேதான்."
அப்புறம் எது புதுசு? கேட்கவில்லை.

5, செவ்வாய்.
வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "கையெழுத்துதானே, போட்டுட்டு வாயேன்." அதுதானே பயம். நாளைக்கு வரி நோட்டீஸ் வந்தால் என் பேருக்கு வரும். மேனேஜரிடம் கேட்டேன். சிரித்தார். ஏன் சிரிக்க வேண்டும்?
இன்னொன்றும் புரிந்தது. ஒவ்வொரு யூனிட்டிலும் இருபது பேருக்குக் குறைவாக ஆளைப் பிரித்துக் காட்டினால் யாருக்கும் பி.எஃப். கட்ட வேண்டாம்.

7, வியாழன்.
முடியாது என்றேன். முதலாளி கோபப்படவில்லை. எனக்குச் சந்தேகம் இன்னும் ஜாஸ்தி. ஹால் நடுவில் செங்கல் இறங்குகிறது.

18, திங்கள்.
சுவர் எழுந்துவிட்டது. தனித்தனி வாசல். அந்தப் பக்கத்துக்கு முதலாளி ஷகிலா! என் லைனில் தைத்தவள். புருஷன் இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் இருப்பவள்.
"நீ வேணான்ட்ட. எனக்கு இன்னாக்கா போவுது?"
இவளுக்கு என்ன கொடுத்தார்களோ.

ஆகஸ்ட் 10, புதன்.
லேசான தூறல். சலுகை கொடுக்குமுன் புது யூனிட்டைப் பார்க்க சர்க்கார் ஆபீசர் வந்தார். மேனேஜர் பதில் சொல்வதற்குள் ஷகிலா முந்திக்கொண்டாள்.
"மெஷின் யாருதும்மா?"
"என்னுதுதான் சார். என் பேர்ல எழுதிக் குடுத்துட்டாங்க. கேளுங்க இவர."
கணக்குக்காக எழுதிக் கொடுத்தது. மேனேஜர் இல்லையென்று சொல்ல முடியுமா? ஆமென்று தலையை ஆட்டினார்.

19, வெள்ளி.
ஷகிலா ராணிப்பேட்டை போய் வேறு கம்பெனி ஆர்டர் பிடித்து வந்திருக்கிறாள். முதலாளி போட்ட கத்தல் சுவர் தாண்டிக் கேட்டது.
"யாரக் கேட்டுப் போன?"
"என் யூனிட்டுக்கு நான் யாரக் கேக்கணும் சார்?"
பூட்டச் சொல்லி மேனேஜரை அனுப்பினார். அவள் பூட்டையே மாற்றியிருந்தாள்.
சாயங்காலம் கேட்டருகே என்னை நிறுத்தினாள். "பேஜாரா கீதுக்கா. புதுசா ஆள் எடுக்கணும், பழக்கணும். நீ வந்துடேன்."
இவளுக்குப் பின்னால் யார்? ராணிப்பேட்டைக்காரரா? அண்ணனா? வழி முழுக்க அதே யோசனை. ஒருவேளை யாருமே இல்லையோ.

22, திங்கள்.
வேலையை விட்டேன். முதலாளி காரணம் கேட்கவில்லை. அந்தப் பக்க வாசலில் நுழைந்தேன். ஒன்றைத் தவிர எல்லா மெஷினும் ஓட்டம்.
"மொதல்ல கூலியப் பேசு ஷகிலா."
அவள் நிமிரவில்லை. "பேசலாங்க்கா. அந்த மெஷினுக்கு நூல் கோத்துக்கினே பேசு."