நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் குறித்து

அனுப்புநர்:
காலமான வரி விதிப்பு எழுத்தரின் மனைவி,
மாடி வீடு, அச்சகத்துக்குப் பின்புறம்,
நான்காம் வார்டு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சொத்து வரிக்காக வீடு அளக்கையில் மாடியிலிருந்து விழுந்து இறந்த என் கணவர், சொந்த வேலையாகச் சென்ற இடத்தில் இறந்ததாக எழுதப்பட்ட அறிக்கையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வரிப் பிரிவுக் கண்காணிப்பாளர் தங்களுக்குச் சமர்ப்பித்த விசாரணை அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி அறிக்கை தங்கள் மேசைக்கு வந்துவிட்டதாகவும், தாங்கள் ஒப்பமிட்டால் கோப்பு மூடப்படும் என்றும் அறிகிறேன். ஒப்பமிடும் முன் இதையும் ஒருமுறை படித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. என் கணவர் தங்கள் அலுவலகத்தில் வரி விதிப்பு எழுத்தராகப் பணியாற்றினார். தாங்கள் அண்மையில் பொறுப்பேற்றவர் என்பதால் அவரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்திருந்தாலும் நினைவில் நின்றிருக்க மாட்டார். அலுவலகத்தில் அவர் இருக்குமிடமே தெரியாது. தெருவில்தான் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அளவு நாடாவோடு வருவதால் ‘நாடாக்காரர்’ என்று பெயர். அவர் தெருமுனையில் திரும்பினால் போதும், புதிதாகப் போட்ட தகரக் கொட்டகையை மறைத்துப் போர்வை காயும். வாடகைக்கு விட்டால் வரி கூடும் என்பதால் குடியிருப்பவர் திடீரென்று வீட்டுக்காரரின் தம்பியாகிவிடுவார். இவர் எதற்கும் முகம் சுளிக்காமல் போர்வையை விலக்கிவிட்டு அளப்பார். அளக்கப் போன வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. “தண்ணி குடிச்சா ஒரு ரூம் மறந்துபோயிடும்” என்று சொல்லிச் சிரிப்பார். வெயில் காலத்தில் வீட்டுக்கு வந்ததும் சொம்பை எடுத்து நின்றபடியே மடமடவென்று குடிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

2. ஒரு வீட்டை அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாடாவின் ஒரு முனையைச் சுவரின் மூலையில் அழுத்திப் பிடிக்க, மற்றவர் அதை இழுத்துக்கொண்டு அடுத்த மூலைவரை நடந்து அளவைப் படிக்க வேண்டும். தங்கள் விதியும் அப்படித்தான் சொல்கிறது. இதற்கென்று அலுவலகத்தில் நாடா பிடிப்பவர் ஒருவர் இருந்தார். பெரியவர், நல்ல மனிதர். அவர் ஓய்வு பெற்று வெளியூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. என் கணவர் வாயாலும் கேட்டார், எழுதியும் கேட்டார். பதில் வரவில்லை. அதன்பிறகு எழுத்தர்கள் எல்லாரும் ஆணியில் மாட்டியும், கல்லை வைத்தும், வீட்டுக்காரரையே கெஞ்சிப் பிடிக்கச் சொல்லியும் அளந்தார்கள். வீட்டுக்காரர் பிடித்தால் நாடா எப்போதும் ஓரடி உள்ளே தள்ளித்தான் இருக்கும் என்பது தனிக்கதை.

3. அளவுகளை உடனுக்குடன் அலுவலகம் கொடுத்த கைபேசியில் பதிவேற்ற வேண்டும். அதில் ‘நாடா பிடித்தவர் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஆள் இல்லாதபோது என்ன எழுதுவது என்று எழுத்தர்கள் கேட்டதற்குக் கண்காணிப்பாளர், “பழைய ஆளு பேரையே போடுங்க, யாரு கேக்கப்போறா” என்று வாய்மொழியாகச் சொன்னார். அன்றிலிருந்து நகரத்தில் அளக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பெரியவர்தான் நாடா பிடித்திருக்கிறார். பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவருக்கு இப்படி ஊரெல்லாம் வேலை பார்த்துக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது.

4. நான் மருந்துக் கடையொன்றில் பில் போடும் வேலை செய்கிறேன். விடுமுறை நாள்களில் என் கணவருடன் நாடா பிடிக்கப் போவேன். விடுமுறையில்தான் வீட்டுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள் என்பதால் அவருக்கும் அதுவே தோது. எனக்கு இதில் குறையொன்றும் இல்லை. நாடாவின் இரு முனையில் நின்றபடி மளிகை, மகளின் படிப்பு, அவருடைய அக்கா வீட்டுச் சண்டை எல்லாம் பேசி முடித்துவிடுவோம். சேர்ந்து வெளியே போவதென்றால் எங்களுக்கு அதுதான்.

5. சம்பவத்துக்கு முதல்நாள் மாலை கண்காணிப்பாளர் என் கணவரைக் கைபேசியில் அழைத்தார். என் கணவர் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினார். நான் அடுப்பருகில் நின்றேன். “திங்கக்கிழமை வார்டு முழுசும் முடிஞ்சிருக்கணும். நாளைக்கு லீவுதானே, போய் முடிச்சிடுங்க. பிடிக்க ஆள் வேணும்னா வீட்டுல அவங்களக் கூட்டிட்டுப் போங்க. பின்சுவர மட்டும் கண்ணால பாத்து எழுதாதீங்க, போன தடவ மாதிரி திருப்பி அனுப்பிடுவேன்” என்றார். ‘வீட்டுல அவங்க’ என்று சொல்லப்பட்டவள் நான். என்னை அழைத்துப் போகச் சொன்னவர் அவர்தான் என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்கிறேன்.

6. மறுநாள் நாங்கள் கடைசியாகப் போனது ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வீடு. அவர் மொட்டை மாடியில் அனுமதி வாங்காமல் ஓர் அறை கட்டியிருந்தார். முன்சுவரையும் இரண்டு பக்கச் சுவர்களையும் அளந்து பதிவேற்றிவிட்டோம். பின்சுவர் வீட்டின் விளிம்பை ஒட்டி இருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லை. கீழ்ச் சன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த வெயில் மறைப்புப் பலகைதான் நடப்பதற்கு இருந்த இடம். “விட்டுடுங்க, முன்சுவர் அளவையே போட்டா என்ன?” என்றேன். “திருப்பி அனுப்பிட்டா மறுபடி இந்த ஏணி ஏறணும். நீ மூலையக் கெட்டியாப் பிடி” என்றார். நான் பிடித்தேன். அவர் சுவரில் முதுகு உரச, நாடாவை விட்டுக்கொண்டே நடந்தார். பாதித் தூரம் போனதும் பலகை உடைந்தது. நாடா என் கையில் ஒருமுறை வெட்டி இழுத்தது. பிறகு தளர்ந்துவிட்டது. ஐயா, அந்தத் தளர்ச்சி என் விரல்களை விட்டு இன்னும் போகவில்லை. கடையில் பில் தாளைக் கிழிக்கும்போதுகூட வருகிறது.

7. மருத்துவமனைக்கு அவருடன் போனவள் நான். அங்கே வைத்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிறிது நேரத்தில் கண்காணிப்பாளர் வந்தார். அவர் அழுதார், அது நடிப்பு அல்ல. பிறகு என்னைத் தனியே அழைத்து, “நீங்க அங்க இருந்ததா யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. அவருக்குத்தான் கெட்ட பேரு. தகவல் கேட்டு வீட்டுலேருந்து வந்ததாச் சொல்லுங்க” என்றார். அப்போது என் பெயரைக் கேட்டிருந்தால்கூட எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

8. அறிக்கை கூறுவது: அன்று விடுமுறை, எழுத்து மூலமான உத்தரவு இல்லை. நாடா பிடித்ததாகப் பதிவான பெரியவரை அழைத்து விசாரித்ததில், தான் வேலையை விட்டு வெகுகாலம் ஆகிறது என்றார். ஆகவே பதிவு பொய். விதிப்படி இருவர் அளந்தால்தான் அது அளவீடு. ஒருவர் மட்டும் இருந்ததால் அது அளவீடே அல்ல. அளவீடு அல்லாததால் அது பணியும் அல்ல. எனவே எழுத்தர் சொந்த வேலையாகவே அங்கு சென்றார். மேலும், வீட்டு உரிமையாளர் முதலில் கொடுத்த வாக்குமூலப்படி அவருடன் மாடியில் ‘அடையாளம் தெரியாத பெண் ஒருவர்’ இருந்தார்.

9. ஐயா, அந்தப் பெண் நான்தான். என் கணவருக்குக் கழுத்தை நீட்டிய நாளிலிருந்து அவருடனே இருப்பவள். அந்த ஒரு வாக்கியம் அலுவலகத்திலிருந்து தெருவுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம். லஞ்சம் வாங்கப் போனார் என்றார்கள். பிறகு எவளையோ கூட்டிக்கொண்டு போனார் என்றார்கள். துக்கம் கேட்க வந்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாத்தையும் மனசுல போட்டுப் புழுங்காதம்மா, ஆம்பளைங்க அப்படித்தான்” என்று ஆறுதல் சொன்னார். என் கணவர் என்னோடு இருந்ததற்காக எனக்கே ஆறுதல். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். என் மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். “அப்பா எதுக்கு அங்க போனாங்கன்னு கேக்கறாங்கம்மா. நான் என்ன சொல்லட்டும்?” என்கிறாள். வேலைக்குப் போனார் என்று சொல் என்றேன். “ஆபீஸ்லயே இல்லைன்னு எழுதியிருக்காங்களே” என்றாள்.

10. சென்ற வாரம் அந்த ஓட்டுநர் இரத்த அழுத்த மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார், முடியவில்லை. “பயந்துட்டேம்மா. ரூமுக்கு அனுமதி இல்லைன்னு இடிச்சிடுவாங்களோன்னு ரெண்டாவது தடவ கேட்டப்ப எதுவும் தெரியாதுன்னுட்டேன். இடிக்கல. வரி போட்டுட்டாங்க” என்றார். புதிய வரி உத்தரவையும் காட்டினார். மாடி அறையின் முன்சுவருக்கும் பக்கச் சுவர்களுக்கும் எழுதப்பட்டிருந்தவை அன்று என் கணவர் உரக்கச் சொன்ன அளவுகளேதான். பின்சுவருக்கு முன்சுவரின் அளவைப் போட்டிருந்தார்கள். நான் போடச் சொன்னதும் அதைத்தானே ஐயா. அப்படிப் போடக் கூடாது என்பதற்காகத்தான் அவர் அந்தப் பலகையில் கால் வைத்தார்.

11. அளவீடே நடக்கவில்லை என்றால் இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன? நடந்தது என்றால், அதை நடத்தியவர் வேலையில் இல்லாமல் எப்படிப் போனார்? அவர் எடுத்த அளவை எடுத்துக்கொண்டு அவரை மட்டும் வெளியே தள்ளியிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைக்கக்கூடும். ஆம், கோபத்தில்தான் எழுதுகிறேன்.

12. இம்மனு கொடுக்கப்போவது தெரிந்து கண்காணிப்பாளர் வீட்டுக்கு வந்தார். “சொந்த வேலைன்னே இருந்துட்டுப் போகட்டும்மா. குடும்ப ஓய்வூதியத்த நான் சீக்கிரம் வாங்கித் தரேன். நீங்க அங்க இருந்தீங்கன்னு எழுதினா, வெளியாள வெச்சு அரசு வேலை பாத்தாரு, பொய்ப் பேரு பதிஞ்சாருன்னு ஆகும். செத்தவர் மேலயே நடவடிக்கை வரும். ஓய்வூதியத்துக்கும் ஆபத்து” என்றார். அவர் மிரட்டவில்லை. உண்மையிலேயே என் நன்மைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அவருக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்கின்றன. கீழே விழும் சத்தத்தைக் கேட்டவள் என்பதால் இதற்குமேல் பயப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மகளையும் கேட்டேன். “எழுதும்மா” என்றாள்.

ஆகவே, ஐயா, விசாரணையை மீண்டும் திறந்து என்னைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுகிறேன். முதல்நாள் மாலை வந்த அழைப்பைக் கைபேசி நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்க்கலாம். ‘அடையாளம் தெரியாத பெண்’ என்ற சொற்களை நீக்க உத்தரவிடுங்கள். மற்ற எழுத்தர்கள் இன்றைக்கும் தனியாளாகத்தான் மாடி ஏறுகிறார்கள். நாடா பிடிக்க ஓர் ஆளைப் போடுங்கள்.

பொய்ப் பெயர் பதிந்தது குற்றமென்றும், மனைவியை வேலைக்கு அழைத்துச் சென்றது குற்றமென்றும் தாங்கள் கருதினால், அதற்குரிய நடவடிக்கையை எடுங்கள். ஓய்வூதியம் நிற்குமென்றால் நிற்கட்டும். பில் போட்டுப் பிழைத்துக்கொள்கிறேன். அதைத் தடுக்கச் சொல்லி இம்மனு எழுதவில்லை. அறிக்கையின் முதல் வரியில், இந்த எழுத்தர் வேலையில் இருக்கும்போது இறந்தார் என்று எழுதுங்கள். அதற்குக் கீழே எத்தனை குற்றம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
மனுதாரர்

இடம்: மேற்படி முகவரி
நாள்: ஒன்பதாம் மாதம், பதினொன்றாம் தேதி

இணைப்பு: வீட்டு உரிமையாளர் சம்மதித்துக் கொடுத்த வரி உத்தரவின் நகல்.